ஐம்பத்தெட்டு சதவீதக் குடித்தனம்

வீடு மாறுவதென்றால் உலகத்தில் எல்லாரும் ஒரே வழியில்தான் மாறுகிறார்கள். ஒரு நாள் லாரி பிடிப்பார்கள், ஒரு வாரம் இடுப்பைப் பிடித்துக்கொள்வார்கள், ஒரு மாதம் கத்தரிக்கோலைத் தேடுவார்கள். அட்டவணை சாருக்கு இந்த வழி அறவே பிடிக்கவில்லை.

அட்டவணை சார் என்பது அவர் வேலை பார்க்கும் ஃபிரிட்ஜ் தொழிற்சாலையில் வைத்த பெயர். எந்தத் திருகாணி எந்தக் கிழமை எந்த மேஜைக்கு வந்து சேர வேண்டும் என்று திட்டம் போடுவது அவர் பிழைப்பு. பல் தேய்ப்பதற்கும் அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. அதில் கீழ்வரிசைக்கு இவ்வளவு நிமிடம் என்று தனியாக ஒதுக்கியிருந்தார்.

"ஒரே நாள்ல எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போறது காட்டுமிராண்டித்தனம்," என்றார் மனைவியிடம். "தினம் ரெண்டு பை. நீ ஒண்ணு, நான் ஒண்ணு. ரெண்டு பேரும் வேலைக்கு அந்தப் பக்கம்தானே போறோம்? வழியில இறங்கி வச்சிட்டுப் போயிடலாம். தொண்ணூறு நாள். வீடு மாறினதே நமக்குத் தெரியாது."

"நமக்குத் தெரியாட்டிப் பரவாயில்லைங்க. ஸ்கூலுக்குத் தெரியணுமே," என்றாள் எறும்பக்கா.

எறும்பக்கா ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பவள். ஊசியைக் கண்டு கண்ணை மூடிக்கொள்கிறவர்களிடம் 'எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்' என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கடிக்கும் முன்பே முடித்துவிடுகிற கை அவளுக்கு. காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்கிற ஐம்பது பேரும் அவள் மேஜைக்குத்தான் முந்துவார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் கூட்டம் வடிந்துவிடும். ஏழு மணிக்கு வர முடியாதவளுக்கு அங்கே வேலை கிடையாது.

அந்த ஏழு மணிதான் இப்போது ஆட்டம் கண்டிருந்தது. இதுவரை ஐந்து வயதுப் பெரியவளையும் இரண்டு வயதுக் குட்டியையும் காலையில் பார்த்துக்கொண்டது கீழ்வீட்டுக்காரம்மா. மூன்று மாதத்தில் அவர் மகளோடு போய் இருக்கப் போகிறார். ஊரிலேயே ஒரே ஒரு பள்ளிக்கூடம்தான் காலை ஆறரைக்குப் பிள்ளைகளை வாங்கிக்கொள்கிறது. படிக்கிற பிள்ளைக்குத் தம்பி தங்கை இருந்தால் அதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். ஆனால் நடந்து வருகிற தூரத்தில் குடியிருக்க வேண்டும். குடியிருப்பதை நேரில் வந்து பார்ப்பார்கள். எப்போது வருவோம் என்று சொல்ல மாட்டார்கள்.

அதற்காகத்தான் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெருவில் வீடு பிடித்தார்கள். புது விலாசத்தைப் போட்டு விண்ணப்பமும் கொடுத்தாயிற்று. பழைய வீட்டு ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று மாதம் பாக்கி இருந்ததால் அட்டவணை சாருக்குத் திட்டம் போடக் கை துறுதுறுத்தது.

"போன வருஷம் விண்ணப்பம் குடுத்து மூணாவது மாசக் கடைசியிலதான் பார்க்க வந்திருக்காங்க. விசாரிச்சுட்டேன். அதுக்குள்ள நாம முழுசா அங்க இருப்போம்."

"முன்னாடியே வந்துட்டா?"

"ஏன் முன்னாடி வரணும்?" என்று கேட்டார் அவர். உலகமும் தன்னைப் போலவே அட்டவணைப்படி நடக்கிறது என்பதில் அவருக்குக் கடுகளவும் சந்தேகம் இருந்ததில்லை.

அட்டவணை தயாரானது. நான்கு நிறங்கள். ஒரு பிரதி பழைய வீட்டு ஃபிரிட்ஜ் கதவில், இன்னொன்று புது வீட்டு ஹால் சுவரில். அதன் ஆதாரக் கொள்கை, அரிதாகப் பயன்படுகிற பொருள் முதலில் போகும், தினசரிப் பொருள் கடைசியில் போகும் என்பது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. அதன்படி முதல் மாதத்தில் புது வீட்டுக்குக் குடிபோனவை: கல்யாணத்துக்கு வந்து இன்னும் பெட்டி பிரிக்காத கண்ணாடிக் கோப்பைகள், மூன்று சுவர்க் கடிகாரங்கள், உபரிப் படுக்கை விரிப்புகள் பன்னிரண்டு, ஒரு நாள் மட்டும் மிதிக்கப்பட்ட உடற்பயிற்சி சைக்கிள். சைக்கிளைப் பாகம் பாகமாகக் கழற்றி ஆறு நாள் கொண்டுபோனார். ஏழாம் நாள் கைப்பிடியைப் பேருந்தில் விட்டுவிட்டு வந்தார்.

எறும்பக்காவின் பாடு வேறு. தோளில் ஆஸ்பத்திரிப் பை, கையில் அட்டவணைப் பை, இன்னொரு கையில் சாப்பாட்டுக் கூடை. பேருந்து நடத்துனர், "என்னக்கா, டெய்லி வீட்ட விட்டு ஓடிப் போறீங்களா?" என்று கேட்டே விட்டார்.

"ஓடிட்டேன். சாயங்காலம் திரும்பக் கூட்டிட்டு வந்துடுறாங்க," என்றாள் அவள்.

இரண்டாவது மாதத்தில் பாதிச் சாமான் அங்கே, பாதிச் சாமான் இங்கே. யாராவது ஜுரம் என்று படுத்தால் தெர்மாமீட்டர் அங்கே. அங்கே போனால் உட்கார நாற்காலி இங்கே. பெரியவளின் வர்ணப் பெட்டியில் நீலமும் பச்சையும் மட்டும் முதலில் போய்விட்டன. அவள் ஒரு வாரம் சிவப்பு வானம் வரைந்தாள். மனைவி முறைத்தபோதெல்லாம் அட்டவணை சார் ஃபிரிட்ஜ் கதவைக் காட்டினார். "எல்லாம் பச்சையில இருக்கு பாரு. ஒரு நாள் கூடப் பின்தங்கலை."

ஐம்பத்திரண்டாம் நாள் செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் அட்டவணை சார் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"இன்னைக்கு ஒரு நல்ல சமாச்சாரம். நான் பை வைக்கப் போன நேரம் பார்த்து ஸ்கூல்லேர்ந்து அந்தம்மா வந்தாங்க. சரிபார்க்க!"

எறும்பக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "வந்து?"

"வீட்டப் பார்த்துட்டு அசந்துட்டாங்க. 'குழந்தைங்க இருக்குற வீடு இவ்வளவு சுத்தமாவா இருக்கும்'னு கேட்டாங்க."

"ஐயோ! நீங்க என்ன சொன்னீங்க?"

"ஏன் இருக்காதுன்னு கூட்டிட்டுப் போய் அட்டவணையைக் காட்டினேன். ஒவ்வொரு நிறமா விளக்கினேன். பேனாவை எடுத்து எழுதிக்கிட்டே வந்தாங்கன்னா பாரேன்! நம்ம கம்பெனி மேனேஜர் கூட அவ்வளவு கவனமா கேட்டதில்ல."

"எழுதினதக் குடுத்தாங்களா?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு நகலை எடுத்து நீட்டினார். அவள் படித்தாள்.

'வீட்டில் அடுப்பு இல்லை. பாய், படுக்கை இல்லை. குழந்தைகள் இல்லை. கடிகாரம் மூன்று உள்ளது. குடும்பத் தலைவர், தாம் 58 சதவீதம் குடிவந்துவிட்டதாகத் தெரிவித்தார். மீதி 42 சதவீதம் எங்கே என்று கேட்டதற்குப் பழைய வீட்டில் என்றார். குடியிருப்பு உறுதியாகவில்லை. மறுபார்வை ஒரு முறை மட்டும், வெள்ளிக்கிழமைக்குள்.'

எறும்பக்கா தாளை மடித்தாள். மறுபடியும் பிரித்தாள். எழுத்து மாறவில்லை.

"ஐம்பத்தேழு புள்ளி எட்டுதான்," என்றார் அவர். "முழு எண்ணா சொல்லிட்டேன்."

எறும்பக்காவின் கையில் அந்த நேரத்தில் ஊசி எதுவும் இல்லாமல் போனது அவர் அதிர்ஷ்டம்.

சொல்லி வைத்தாற்போல லேப் தலைமை டாக்டரம்மா போன் செய்தார். அடுத்த மாத டியூட்டி பட்டியல் போட வேண்டும். "ஏழு மணிக்கு நீ வருவியா மாட்டியான்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடும்மா. வர முடியாதுன்னா ஒண்ணும் தப்பில்ல, நான் வேற ஆள் பார்த்துக்கறேன்." ஒன்றும் தப்பில்லை என்று சொன்ன விதத்தில் வேறு ஆளின் முகமே அவருக்குத் தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது.

அதற்குள் அட்டவணை சார் தன் அக்காவுக்குச் செய்தியைச் சொல்லி முடித்திருந்தார். நாத்தனார் ஸ்பீக்கரில் வந்தார்.

"இதுக்கெல்லாம் எதுக்கும்மா இவ்வளவு டென்ஷன்? யாராவது ஒருத்தர் வேலைய விட்டுட்டுப் பிள்ளைங்களைப் பார்த்துக்கிட்டாப் போச்சு."

"யாராவதுன்னா யாரு அண்ணி?"

"யாராவதுதாம்மா."

"சரி, உங்க தம்பிய விடச் சொல்றேன்."

"அவன் எப்படிம்மா விட முடியும்? அவனுக்கு அங்க எவ்வளவு பொறுப்பு!"

பொறுப்பானவர் பக்கத்தில் உட்கார்ந்து, அட்டவணையில் வெள்ளிக்கிழமைக் கட்டத்துக்கு என்ன நிறம் கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் புதன்கிழமை. டியூட்டி முடிந்து எறும்பக்கா புது வீட்டுக்குப் பை வைக்கப் போனாள். கதவு திறந்திருந்தது. கணவர் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பெரியவளோடு வந்திருந்தார். சுவரில் பழைய அட்டவணைக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று. தலைப்பு: 'குடியிருப்பு அறிகுறிகள்.' கீழே இருபத்தோரு வரி. ஈரத் துண்டு, ஒன்று. பாதி தின்ற பிஸ்கட், இரண்டு. செருப்பு, நான்கு ஜோடி, வாசலில், ஒழுங்கில்லாமல் (படம் பார்க்க). ஒழுங்கில்லாமல் எப்படி வைக்க வேண்டும் என்று அம்புக்குறி போட்டுப் படமே வரைந்திருந்தார்.

பதினேழாவது வரி நடந்துகொண்டிருந்தது. குழந்தைக் கிறுக்கல், ஹால் சுவர், தரையிலிருந்து எழுபது சென்டிமீட்டர் உயரத்தில். பெரியவள் கையில் பென்சிலும் கண்ணில் தண்ணீருமாக நின்றாள்.

"அப்பா, சுவத்துல எழுதினா நீங்கதானே திட்டுவீங்க?"

"இன்னைக்கு எழுதலாம்மா. எழுது."

"என்ன எழுதறது?"

"என்னவாவது கிறுக்கு!"

"கோடு நேரா போடணுமாப்பா?"

அட்டவணை சாருக்கு ஒரு கணம் உள்ளுக்குள் பெரிய போராட்டம் நடந்தது. "நேராவே போட்டுடு," என்றார்.

எறும்பக்கா பையைக் கீழே வைத்தாள். "என்னங்க இது?"

"திருத்தப்பட்ட திட்டம். வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் இங்க ஷிஃப்ட் போட்டு உட்கார்ந்துக்கறேன். அவங்க வந்ததும் துண்டை நனைச்சு—"

"இவ்வளவு கஷ்டப்பட்டுக் குடியிருக்கிற மாதிரி நடிக்கறதுக்கு, பேசாம குடியிருந்துட்டா என்ன?"

அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "எப்படி முடியும்? இன்னும் முப்பத்தேழு நாள் இருக்கு. பேக்கிங் இல்ல, லேபிள் இல்ல."

அவள் சுவரிலிருந்த பழைய அட்டவணையை உரித்து எடுத்தாள். திருப்பினாள். பின்பக்கம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. மகள் கையிலிருந்த பென்சிலை வாங்கி, போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் டிரைவர் சொன்ன ஒரு நம்பரை அதில் எழுதினாள். அவருடைய மச்சானிடம் ஒரு மினி லாரி உண்டு. முட்டை ஏற்றுகிற லாரி.

"நாளைக்குக் காலைல எட்டுலேர்ந்து பத்து வரைக்கும் சும்மாதான் நிக்குது அக்கா," என்றார் மச்சான். "பத்தரைக்கு முட்டை ஏத்தணும். அதுக்குள்ள முடிப்பீங்களா?"

"முடிப்பேன்."

"பேக்கிங் எல்லாம் ரெடியா?"

"ஒண்ணுமே ரெடி இல்ல."

"அப்ப ரொம்ப நல்லது. பேக் பண்ணினவங்க வீட்லதான் லேட் ஆகும்."

வியாழக்கிழமை இரண்டு பேரும் லீவு போட்டார்கள். எட்டு மணிக்கு மச்சானும் இரண்டு ஆட்களும் வந்து நின்றார்கள். எறும்பக்கா ஒரே ஒரு கட்டளைதான் போட்டாள். "எது எப்படி இருக்கோ அப்படியே தூக்குங்க."

மேஜை டிராயர்களை உள்ளே இருந்த துணியோடு உருவினார்கள். துணிக்கொடியைத் துணியும் கிளிப்புமாகச் சுருட்டினாள். கழுவாத பாத்திரங்கள் அழுக்கோடே அண்டாவில் இறங்கின. மூட்டை கட்டலாம் என்றால் விரிப்புகள் பன்னிரண்டும் முதல் மாதமே புது வீட்டுக்குப் போயாயிற்று. ஜன்னல் திரைகளைக் கழற்றி அதில் கட்டினார்கள். அட்டவணை சார் கையில் லேபிள் சுருளோடு ஒவ்வொரு மூட்டைக்குப் பின்னாலும் ஓடினார்.

"இதுல என்ன இருக்கு? என்ன எழுதறது?"

"மூட்டைன்னு எழுதுங்க சார்," என்றார் மச்சான்.

அதையும் எழுதினார். மூட்டை ஒன்று, மூட்டை இரண்டு. ஏழுவரை வந்தபோது ஸ்கெட்ச் பேனா மூட்டை ஐந்துக்குள் போய்விட்டது. அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். குட்டிக்கு உற்சாகம் தாங்கவில்லை. யாரோ வீட்டையே தலைகீழாகக் கவிழ்க்கிறார்கள், யாருமே திட்டவில்லை. இப்படி ஒரு நாள் விடியும் என்று அவன் கனவிலும் நினைத்திருக்க மாட்டான். கூடவே ஓடி ஓடித் தன் பங்குக்குத் தலையணைகளைப் படியில் உருட்டிவிட்டான்.

பத்து மணிக்குப் புது வீட்டு ஹாலில் எல்லாவற்றையும் இறக்கிக் குவித்துவிட்டு லாரி முட்டைக்குப் பறந்தது. வாசலில் பெரிய மெத்தை மட்டும் பாக்கி. கணவனும் மனைவியும் உள்ளேயிருந்து இழுத்தார்கள். மெத்தை பாதி நுழைந்து, கதவு நிலையில் சிக்கி, தொப்பை பிதுங்கி நின்றுவிட்டது.

அந்தப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது.

"யாருங்க அங்க? ஒரு கை குடுங்க!" என்று கத்தினாள் எறும்பக்கா.

"நான் ஸ்கூல்லேர்ந்து வர்றேன். விலாசம் சரிபார்க்கணும்."

உள்ளே இருந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அட்டவணை சார் முகத்தில் ஈயாடவில்லை. எறும்பக்கா மெத்தையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "பரவாயில்லைங்க, வந்துதான் வந்தீங்க, அப்படியே தள்ளுங்க!"

மெத்தை ஆடியது. ஒரு முக்கல், ஒரு முனகல், இன்னொரு முக்கல். அடுத்த நொடி மெத்தையும் அதன்மேல் சரிபார்ப்பு அம்மாளும் ஹாலுக்குள் வந்து விழுந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, கையில் கிளிப் அட்டை. எழுந்து உட்கார இடம் தேடினார். இடம் மெத்தைதான் என்று தெரிந்ததும் அதிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"வீட்ல எத்தனை பேர்?" என்று ஆரம்பித்தார், மூச்சு வாங்கிக்கொண்டே.

குட்டி அதற்குள் அவர் கைப்பையைத் திறந்து, பேனாக்களை ஒவ்வொன்றாக எடுத்து மூட்டைகளுக்கு நடுவே எறிந்துகொண்டிருந்தான். பிறகு தன் கையிலிருந்த பாதி வாழைப்பழத்தை அவர் படிவத்தின் மேல் பத்திரமாக வைத்தான்.

சரிபார்ப்பு அம்மாளின் பார்வை சுவரில் நின்றது. எழுபது சென்டிமீட்டர் உயரத்தில் வரிசையாக ஆறு நேர்கோடுகள்.

"இது யாரு வரைஞ்சது?"

"நான்தான்," என்றாள் பெரியவள். "அப்பாதான் வரையச் சொன்னாங்க. நீங்க வருவீங்கன்னு. பிஸ்கட்டையும் பாதி தின்னச் சொன்னாங்க. நான் முழுசா தின்னுட்டேன்."

அட்டவணை சார் தொண்டையைக் கனைத்தார். "அதாவது மேடம், சதவீதமா பார்த்தீங்கன்னா இன்னைக்கு நிலவரம்—"

"என்னங்க," என்றாள் எறும்பக்கா, "அடுப்பக் கொஞ்சம் மாட்டுங்க. குழந்தைக்குப் பால் காய்ச்சணும்."

அவர் போனார். அவர் போகிற வரைக்கும் பொறுத்திருந்துவிட்டு, சரிபார்ப்பு அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எத்தனை நாளா இங்க குடியிருக்கீங்க?"

இரண்டு மாதம் என்று சொல்லலாம். விண்ணப்பத்தில் அப்படித்தான் இருக்கிறது. வாய்வரை வந்த அதை எறும்பக்கா விழுங்கினாள். எதிரே ஆறு நேர்கோடுகள் இருந்தன.

"இன்னைக்குக் காலைலேர்ந்து," என்றாள்.

எழுத வந்த கை நின்றது. "இன்னைக்கா?"

"வீடு எடுத்து ரெண்டு மாசம். கடிகாரம் வந்து ரெண்டு மாசம். நாங்க வந்தது பத்து மணிக்கு. எனக்குக் காலைல ஏழு மணி டியூட்டி மேடம். உங்க ஸ்கூல்ல இடம் இல்லேன்னா எனக்கு வேலை இல்ல. வீட்ல எல்லாரும் 'யாராவது ஒருத்தர்'னு பேச ஆரம்பிச்சுட்டாங்க."

சரிபார்ப்பு அம்மாள் வாழைப்பழத்தைப் படிவத்திலிருந்து இரண்டு விரலால் எடுத்தார். வைக்க இடமில்லை. கையிலேயே வைத்துக்கொண்டார்.

"இந்த மாசத்துல நாப்பது வீடு பார்த்துட்டேன்," என்றார். "எல்லா வீட்லயும் நாலு பிரஷ் கோப்பையில வரிசையா நிக்குது. தொட்டுப் பார்த்தா ஒண்ணுலயும் ஈரம் இல்ல. ஒரு வீட்ல தொட்டில்ல பொம்மையப் படுக்க வச்சுப் போர்த்திட்டு, தூங்குது, எழுப்பாதீங்கன்னாங்க. நானும் கால்நுனியில நடந்து வெளிய வந்தேன்." பெருமூச்சு விட்டார். "உங்க வீட்டுக்காரர்தான் முதல் ஆளு. குடியிருக்கலைங்கறதுக்குச் சாட்சியா சார்ட்டே காட்டினாரு."

"அவரு அப்படித்தான் மேடம்."

"தெரியுது." படிவத்தைத் திருப்பினார். "இதுல கேள்வி, பார்க்குற நேரத்துல குடும்பம் குடியிருக்குதாங்கறதுதான். நேத்து இருந்துதான்னு கேக்கலை. எத்தனை சதவீதம்னும் கேக்கலை." சுற்றிலும் பார்த்தார். அண்டாவில் அழுக்குப் பாத்திரம், தரையில் கிளிப்போடு கிடந்த ஈரத்துணி, தன் விரலில் பிசுபிசுத்த வாழைப்பழம். குட்டி அவர் மடியில் ஏறி, கண்ணாடிக் கயிற்றை வாயில் போட்டிருந்தான். "ஒரு பேனா குடுங்க. என்னுது ஒண்ணும் மிச்சமில்ல."

பேனாவா? அந்த வீட்டில் இருந்த பேனா எல்லாம் எந்த மூட்டையில் இருக்கிறதோ யாருக்குத் தெரியும்? பெரியவள் பென்சிலை நீட்டினாள். 'ஆம்' என்ற கட்டத்தில் பென்சிலால் ஒரு டிக் விழுந்தது. அதன்மேல் இன்னொரு முறை அழுத்தி எழுதினார், அழியாமல் இருக்கட்டும் என்று.

"ஒண்ணாந் தேதி ஆறரைக்குக் கொண்டு வந்து விடுங்க," என்று எழுந்தார். "இவனையும்தான். இவனுக்கு மட்டும் தனியா ஒரு ஆள் போடச் சொல்றேன்."

அவர் மூட்டைகளைத் தாண்டி வாசலை அடைவதற்குள் அடுப்படியிலிருந்து ஏதோ பொங்கி வழியும் சத்தமும், "பால் பாத்திரத்துக்கு மூடி எங்க?" என்ற குரலும் வந்தன. எறும்பக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. மெத்தையில் பொத்தென்று உட்கார்ந்தாள். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள்.

"ஏழு மணிக்கு வர்றேன் மேடம். பட்டியல்ல என் பேரப் போட்டுடுங்க."

"நிச்சயமா? அப்புறம் மாத்தக் கூடாது."

"நிச்சயமா."

பெரியவள் மூட்டைமேல் ஏறி மெத்தைக்குக் குதித்தாள். குட்டியும் அதையே செய்ய முயன்று, மூட்டையோடு சேர்ந்து உருண்டான். உள்ளே இருந்த கரண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கொட்டின.

"என்னம்மா அங்க சத்தம்? சந்தையில இருக்கியா?" என்றார் டாக்டரம்மா.

"இல்ல மேடம்," என்றாள் எறும்பக்கா. "வீட்ல."